பூமலை என்ற பெயரில் மலை எங்கே?

சொல்லாய்வான்:
மாணவர் சுற்றுலாக் கையேட்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை, நம்மவர் வழங்கும் பெயரால் ‘பூமலை’ என்று அச்சிடுவதை நான் எதிர்க்கிறேன். 1859இல் தங்ளின் வட்டாரத்தில் தொடங்கி, 1877இல் வந்த ரப்பர்க் கன்றுகளை வளர்த்து, அதன் இயக்குநர் ரிட்லியின் காலத்தில் மரம் பட்டுப்போகாமல் பாலெடுக்கும் முறையைக் கண்டறிந்த ஆய்வு நிலையத்தை அப்பெயர் வெறும் பூக்காட்சியாகச் சுருக்கிவிடுகிறது. மேலும், அங்கே மலையே கிடையாது. ‘தாவரவியல் பூங்கா’ என்பதே பொருத்தம்.

தங்ளின்வாசி:
ஐயா, தாங்கள் பரிந்துரைக்கும் சொல்லிலும் பூ இருக்கிறதே! ‘கா’ என்றாலே சோலைதான். ‘பூப்பெயர் முன் இன மென்மையும் தோன்றும்’ என்ற நன்னூல் விதிப்படி ‘ங்’ தோன்றிப் பூங்கா ஆயிற்று, பூந்தோட்டமும் அவ்வாறே. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் புல்வெளியும் ஆறுமே கண்ணை நிறைக்கின்றன என்பதற்காக அதன் பெயரை யாரும் குறை சொல்வதில்லை. மலைக்கு வருவோம். 1930இல் கட்டிய எண்கோண இசை மண்டபம் நிற்கும் இடத்துக்கு நடந்து பாருங்கள். பாதை மேலேறுவதைக் கால்களே சொல்லும்.

சொல்லாய்வான்:
மேடு மலையாகாது. சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் அமைத்த முதல் தோட்டத்தின் நினைவே தங்ளினுக்கு இடம் மாறியது என்று கருதுகிறேன்.

ஈசூன் ஆசிரியை:
அத்தோட்டம் 1829இல் மூடப்பட்டது. தங்ளின் தோட்டம் வருவதற்குள் முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டபோது, பெயர் மட்டும் மக்கள் நாவில் தங்கியிருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். மலாய்க்காரர்கள் தங்ளின் தோட்டத்தை ‘கெபுன் பூங்ஙா’ என்றார்கள். அதை நம்மவர் அப்படியே பெயர்த்திருந்தால் ‘பூந்தோட்டம்’ என்றுதான் வந்திருக்கும். ‘மலை’ வந்ததே இது நம்மவர் கண்கொண்டு பார்த்து இட்ட பெயர் என்பதற்கு அடையாளம் என்பது என் துணிபு. சோலைக்குள் எழுப்பிய மேட்டைச் ‘செய்குன்று’ என்று அழைத்த மொழிக்கு, மேட்டையும் மலரையும் சேர்த்துப் பெயரிடுவது புதிதன்று.

சொல்லாய்வான்:
நல்ல வாதம், அம்மா. ஆயினும், 2015இல் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்ட இடத்தைத் தேடிவரும் மதுரைக்காரருக்குப் பூமலை என்றால் விளங்குமா?

தங்ளின்வாசி:
விளங்காவிட்டால் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தங்கள் ‘தாவரவியல் பூங்கா’வைச் சேர்ப்போம். கையேட்டின் தலைப்பில் பூமலைதான் நிற்க வேண்டும்.