பேசுற குப்பத் தொட்டி கூட மல்லுக்கட்டுனவங்க யாராவது இருக்கீங்களா? உங்க கதைய சொல்லுங்க

கிம்ச்சி_இட்லி:
நானே ஆரம்பிக்கிறேன். தென் கொரியால சுவோன்ல அஞ்சு வருஷமா இருக்கேன். வந்த புதுசுல அபார்ட்மெண்ட் ஆபீஸ்ல சாவியோட ஒரு சின்ன கார்டு குடுத்தாங்க, லிஃப்டுக்குன்னு நெனச்சு ரெண்டு நாள் லிஃப்ட்லயே தேய்ச்சிட்டு இருந்தேன். பாத்தா அது சாப்பாட்டுக் குப்பைக்கு. கீழ வாஷிங் மெஷின் சைஸ்ல ஒண்ணு நிக்கும், கார்ட காட்டுனா மூடி தானா தொறக்கும், கொட்டிட்டு மறுபடி காட்டுனா மூடிக்கிட்டு இத்தன கிலோன்னு ஸ்கிரீன்ல போடும், கூடவே ஒரு பொம்பளக் குரல் ஊருக்கே கேக்குற மாதிரி ஏதோ சொல்லும். மாசக் கடைசில மெயின்டனன்ஸ் பில்லோட சேந்து வந்துரும். எங்களுக்கு கிலோவுக்கு 100 வோனுக்கு கொஞ்சம் மேல, நம்ம காசுக்கு ஏழெட்டு ரூபா இருக்கும் அவ்ளோதான்.

கூத்து என்னன்னா அம்மா மூணு மாசம் வந்து தங்குனப்போ. மொத நாளே மிச்ச சாம்பார், தண்ணி ஊத்தி வச்ச சாதம், தர்பூசணித் தோலு எல்லாத்தையும் பக்கெட்டோட கொண்டு போய் கவுத்தாங்க, 4 கிலோ சொச்சம் காட்டுது. "ஏண்டி தண்ணிக்குமா காசு?"ன்னு கேட்டாங்க பாருங்க, அன்னைலேர்ந்து வீட்ல எல்லாத்தையும் வடிகட்டாம வெளிய விடல, காய்த்தோலெல்லாம் பால்கனில பேப்பர் விரிச்சு வத்தல் காயப் போடுற மாதிரி காயுது. கிலோவுக்கு எட்டு ரூபாக்காக இல்லங்க, அந்த நம்பர் கண்ணு முன்னாடி வருது பாருங்க, அது தான் அவங்கள ஆட்டி வச்சுது.

ஆனா மெஷினுக்கு எடை போட மட்டும் தான் தெரியும், எத போடலாம்னு நம்ம மண்டைல தான் இருக்கணும். முட்டை ஓடு, கோழி எலும்பு, வெங்காயச் சருகு, டீத்தூள் எதுவும் அதுல போடக் கூடாது, காசு குடுத்து வாங்குற குப்பைப் பைல தான் போகணும். ஏன்னா உள்ள போறதுல பெரும்பகுதி கோழிக்கோ பன்னிக்கோ தீவனம், இல்ல உரம், கேஸ்னு ஆகுது. அதனால ரொம்ப உப்பான ஐட்டமும் ஆகாது, நம்ம ஊறுகாய்க்கு உள்ள எடமில்ல. முருங்கக்கா சக்கை எதுலன்னு பக்கத்து வீட்டு பாட்டிட்ட சைகைல கேட்டேன், மிருகம் திங்குமான்னு பாருன்னாங்க. அம்மா விடல, எங்க வீட்டு ஆடு தின்னுச்சேன்னு ஒரே சண்ட. அதே பாட்டி ஒரு நாள் நான் மூடி தொறந்து வச்சிருந்த கேப்புல அவங்க சின்னப் பொட்டலத்தையும் டக்குனு உள்ள தட்டிட்டு சிரிச்சிட்டே போயிட்டாங்க, என் கணக்குல 😂

லேப்ல இருக்குற கொரியன் அக்கா சொன்னாங்க, 1995லயே குப்பைப் பைக்கு காசு வந்துருச்சாம், 2005ல சாப்பாட்டுக் குப்பைய நேரா புதைக்கக் கூடாதுன்னுட்டாங்க, 2013க்கு அப்புறம் தான் போட்ட அளவுக்கு காசுங்கறது. மெஷின் கடைசில தான் வந்துச்சு.

அர்டுயினோ_அடிமை:
அக்கா நீங்க யூஸ் பண்ணுனீங்க, நாங்க கட்டுனோம் 😭 கோயம்புத்தூர்ல ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) படிச்சவன் எவனுக்கும் ஸ்மார்ட் டஸ்ட்பின் ப்ராஜெக்ட் தெரியாம இருக்காது. ரெண்டு கண்ணு வச்ச மாதிரி அல்ட்ராசோனிக் சென்சார் ஒண்ணு, அது சத்தம் அனுப்பி எதிரொலி வர்ற நேரத்த வச்சு தொட்டி எவ்ளோ நெறஞ்சிருக்குன்னு சொல்லும். எங்க டீம் ஓவரா போய் ஈரம் பாக்குற சென்சாரும் வச்சு மக்கும் மக்காத குப்பைய அதுவே பிரிக்கும்னு சீன் போட்டோம். வைவாக்கு (நேர்ல கேள்வி கேக்குற பரீட்சை) வந்த வெளி காலேஜ் எக்ஸ்டர்னல் சார் குடிச்சிட்டு இருந்த டீ கப்ப மிச்ச டீயோட அப்படியே போட்டாரு, பிளாஸ்டிக் கப்பு, போய் மக்கும் குப்பைக்கு வச்ச பச்ச தொட்டில விழுந்துச்சு. அடுத்து காஞ்ச வாழை எலை, அது மக்காததுக்கு வச்ச நீலத்துல. மூணாவதா கவர்ல கட்டுன மிச்ச சாம்பார், அதும் நீலம். சார் ஒண்ணுமே சொல்லல, கைய தொடச்சிட்டு அடுத்த டீம்க்கு போயிட்டாரு. ஈரமா இருக்கா இல்லயான்னு தானே அதுக்கு தெரியும், அது என்ன பொருள்னு எங்க தெரியும்.

பேட்டரி_வண்டி:
தம்பி உங்க சென்சார எங்க ஏரியால நெஜமாவே வச்சாங்க, எந்த ஊர்னு கேக்காதீங்க. நான் கன்சர்வன்சி வேலைய, அதாவது குப்பை அள்ளுற வேலைய, மேற்பார்வை பாக்குறவன். போன்ல 95%னு வரும், லாரிய அனுப்புவோம், தொறந்தா அடில ஒரு சாண் குப்பை, சென்சார் மூஞ்சிக்கு நேரா ஒரு கேரி பேக் தொங்கிட்டு இருக்கும். ஒரு தடவ எட்டுக்கால் பூச்சி கூடு. டீசல் யாரு தர்றது?

அத விட பெரிய சங்கதி ஒண்ணு, ஆபீஸ்ல யாருக்கும் புரியல. மாடு கவுக்கக் கூடாதுன்னு மூடி வச்சு பூட்டு போட்டாங்க, நல்லது தான். ஆனா எங்க தூய்மைப் பணியாளர் அம்மாக்கள் தண்ணி பாட்டில், அட்டைப் பெட்டி எல்லாம் மொதல்லயே எடுத்து காயலாங்கடைல போடுவாங்க, அதுல ஒரு நாள் டீ டிபன் செலவு ஓடும். பூட்டு விழுந்ததும் பாட்டிலெல்லாம் கறிக்கொழம்போட சேந்து ஊறிப் போயி யாருக்கும் ஒதவாம லாரில போச்சு. பிரிக்கிறதுக்கு வந்த தொட்டி, பிரிச்சிட்டு இருந்த கைய தள்ளி விட்டுருச்சு. ஒரு அம்மா எங்கிட்ட சாவி கேட்டாங்க, நானும் குடுத்தேன், அது வேற கதை.

சென்சாரே இல்லாம வேலை ஆனத நீலகிரில பாத்தேன். 2022ல ஐகோர்ட் சொல்லி டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கிட்டு காலி பாட்டில் குடுத்தா திருப்பித் தர்ற ஏற்பாடு வந்துச்சு, காட்டுல யானை கால கிழிக்குதுன்னு தான். எவன் பாட்டில தூக்கிப் போடுறான் இப்ப, அடுத்தவன் போட்டதையும் பொறுக்கிட்டு வர்றான்.

பிளாட்_புளோக்:
சிங்கப்பூர்லயும் இதே தான் ப்ரோ, எல்லா அடுக்குமாடி ப்ளாக் கீழயும் ரீசைக்கிளுக்குன்னு நீலத் தொட்டி இருக்கு, அதுல விழுறதுல 40% கிட்ட ரீசைக்கிள் பண்ண முடியாத சாமான்னு கவர்மெண்டே சொல்லுது. எங்க தொட்டில ஒரு தடவ மீன் தலைய பாத்தேன், இன்னொரு தடவ முழுசா ஒரு தலகாணி.

கிம்ச்சி_இட்லி:
@பேட்டரி_வண்டி அண்ணா அந்த சாவி கதைய தனியா எழுதுங்க ப்ளீஸ். அப்புறம் அம்மா இப்ப திருச்சிக்கு போயிட்டாங்க, அங்கயும் வடிகட்டி காய வச்சு தான் தர்றாங்களாம். வண்டில வர்ற அக்காட்ட தெனமும் "தூக்கிப் பாத்து சொல்லு, இன்னைக்கு அரைக் கிலோ தேறுமா"ன்னு கேக்குறாங்களாம், அந்த அக்காவும் கைல வாங்கிப் பாத்து "நேத்த விட கம்மிம்மா"ங்குறாங்களாம்.