"இந்த வருஷக் கலர்" உங்கள் ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தது? அனுபவம் சொல்லுங்கள்

திருபுவனம், பட்டு நெசவு வீடு:

2024 தை கடைசி. எங்களிடம் வழக்கமாகப் புடவை எடுக்கும் சென்னைக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். "வைகாசி முகூர்த்தத்துக்கு இந்தக் கலரில் பன்னிரண்டு வேண்டும். உலகம் பூரா இந்த வருஷம் இதுதானாம்" என்றார். பீச் ஃபஸ். நிறங்களுக்கு எண் போட்டு அட்டை வெளியிடும் பான்டோன் நிறுவனம், 'இந்த வருஷக் கலர்' என்று முந்தின டிசம்பரில் அறிவித்த வெளிர் ஆரஞ்சு ரோஸ். அப்பா போனை வாசல் வெயிலில் வைத்துப் பார்த்தார், கூடத்து நிழலில் பார்த்தார், அக்கா போனிலும் பார்த்தார். மூன்றும் மூன்று நிறமாக இருந்தது.

எங்கள் சாயக்காரர் அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்றால் கண்ணை வைத்தே அச்சு மாறாமல் கொண்டுவந்துவிடுவார். வெளிர் நிறம் என்றால் அவருக்கே தயக்கம். பட்டு நூலில் இயற்கையாக இருக்கும் கோந்து சரியாகப் போகாமல் துளி நின்றாலும் வெளிர் சாயத்தில் திட்டுத் திட்டாகத் தெரிந்துவிடும். அடர் நிறம் அதை மூடிவிடும், இது மூடாது. முதல் தடவை ரோஸ் ஏறிவிட்டது. இரண்டாம் தடவை சந்தனம் மாதிரி வந்தது. மூன்றாவது சரி என்று தறியில் பாவு (நீளவாக்கு நூல்) ஏற்றினோம். நெய்து முடித்து விரித்தபோதுதான் உயிர் போனது. இரண்டு பக்கமும் அகலமான தங்க ஜரிகைக் கரை. அந்த மஞ்சள் பளபளப்புக்கு நடுவில் பீச் காணாமலே போய், நாள்பட்ட வெள்ளைப் புடவை போல இருந்தது. ஒரு பாவு ஏற்றினால் மூன்று நான்கு புடவை நெய்துதான் இறக்க முடியும். பாதியில் அறுக்கவா முடியும்? அடுத்த பாவுகளில் குறுக்கே ஓடும் ஊடை நூலைக் கொஞ்சம் அடர்த்தியான ரோஸாக மாற்றி, மயில்கழுத்துக்குச் செய்வது போல இரட்டை நிறமாக்கிச் சமாளித்தோம்.

பன்னிரண்டில் எட்டுப் போனது. முதல் பாவில் வந்த நான்கும் திரும்பி வந்தன. மார்கழியில் அதே கடையிலிருந்து, "இப்போ மோக்கா கேட்கிறாங்க, பீச் போயிடுச்சு" என்று போன். மோக்கா என்றால் காபிப் பழுப்பு, அடுத்த வருஷக் கலராம்.

நிறம் மாறுவதில் எனக்கு வருத்தம் இல்லை. எம்.எஸ். புளூவும் ஒரு காலத்தில் புதுக் கலர்தான். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்தில் உருவாகி, அவர் பெயராலேயே பரவி, இன்றுவரை நெய்கிறோம். ஆனால் ஒரு புடவைக்குப் பத்துப் பதினைந்து நாள் தறியில் உட்காருகிறவர்களுக்குச் சேதி மட்டும் ஏன் கடைசியில் வருகிறது? இதே மாதிரி பட்டவர்கள் எழுதுங்கள்.

கும்பகோணத்துக்காரி, இப்போது திருப்பூரில் மெர்ச்சண்டைசர்:

தம்பி, படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெளிநாட்டு பையரிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே படம் எதுவும் இல்லை, விரலகலப் பருத்தித் துணித்துண்டும் ஒரு பான்டோன் எண்ணும்தான். அந்த எண்ணைப் படிக்க எங்கள் சாயப் பிரிவுப் பெரியவர் சொல்லித்தந்தார். நீங்கள் பட்ட பீச் ஃபஸ்ஸின் எண் 13-1023. முதல் இரண்டு இலக்கம் வெளிரா அடரா என்று சொல்லும். 11 மிக வெளிர், 19 மிக அடர். நடு இரண்டு எந்த நிறம், கடைசி இரண்டு எவ்வளவு அழுத்தம். 13 என்று பார்த்ததுமே ஜரிகைக்குப் பக்கத்தில் இது நிற்காது என்று உங்கள் அப்பாவே சொல்லியிருப்பார். அந்த எண்ணை உங்களுக்கு யாரும் அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

துண்டு வந்ததும் லேப் டிப், அதாவது சின்ன அளவில் மாதிரிச் சாயம் போட்டு, விளக்குப் பெட்டிக்குள் பகல் வெளிச்சத்திலும் கடை வெளிச்சத்திலும் ஒத்துப்பார்த்து, பையர் சரி என்ற பிறகுதான் மொத்தச் சாயம்.

காலம்தான் பெரிய விஷயம். இன்டர்கலர் என்று ஓர் அமைப்பு 1963 முதல் இருக்கிறது. பல நாட்டு நிற வல்லுநர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை கூடி, ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து வரப்போகும் சீசனுக்கு நிறங்களைப் பேசுகிறார்கள். டபிள்யூ.ஜி.எஸ்.என். போன்ற நிறுவனங்கள் சந்தா வாங்கிக்கொண்டு இதே வேலையைச் செய்கின்றன. யாரோ ஜோசியம் சொல்கிறார்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். நூல் மில், சாயக் கம்பெனி, ஜிப் செய்கிறவர், பட்டன் செய்கிறவர் எல்லாரும் ஒரே நிறத்துக்குத் தயாராக வேண்டுமே, அதற்குத்தான் இவ்வளவு முன்னேற்பாடு. முதல் உலகப் போரில் ஐரோப்பாவின் சாயமும் நிற அட்டைகளும் வராமல் போனபோது அமெரிக்கத் துணிக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்து நிற அட்டை போட ஆரம்பித்ததும் இந்தத் தேவையால்தான்.

பான்டோனின் டிசம்பர் அறிவிப்பு இதற்கெல்லாம் பின்னால் வரும் விளம்பரம். 2000ஆம் ஆண்டுக்கு செருலியன் என்ற வானநீலத்தில் தொடங்கினார்கள். 2023க்கு வீவா மஜென்டா என்றபோது மோட்டோரோலா அதே நிறத்தில் போனையும் கூடவே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்படியென்றால் அவர்களுக்கு எத்தனை மாதம் முன்னால் தெரிந்திருக்க வேண்டும்!

அந்த மஜென்டாவுக்குத் தூண்டுதல் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு என்று சொன்னார்கள். நம் அரக்கு நிறத்தின் பெயரும் அரக்குப் பூச்சியிலிருந்து வந்ததுதான். அன்று ராத்திரி அம்மாவின் கல்யாணப் புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மத்திய ஜவுளி அமைச்சகமும், ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்டும் 2024 செப்டம்பரில் விஷன்நெக்ஸ்ட் என்று நம் நாட்டுக்கான முன்கணிப்பு இணையதளத்தைத் தொடங்கியிருக்கின்றன. பாருங்கள். அது தறி வீடுவரை தமிழில் வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை.

மயிலாடுதுறை, மேட்சிங் சென்டர்:

நான் துணி விற்கிறவன், பெயர் மாறுவதைத்தான் தினமும் பார்க்கிறேன். 2016இல் ரோஸ் குவார்ட்ஸ், செரினிட்டி என்று இரண்டு நிறம் சொன்னார்கள். எங்கள் அலமாரியில் பேபி பிங்க், ஸ்கை புளூ என்று வருஷக்கணக்காக இருந்த அதே பிளவுஸ் துணிதான். மொத்த வியாபாரி அதையே 'பேஸ்டல்' என்று சீட்டு ஒட்டி அனுப்பினார், ஒரு மாசத்தில் தீர்ந்தது. வெங்காயத்தோல் கலர் என்றால் வேண்டாம் என்கிற பெண், ஆனியன் பிங்க் என்றால் எடுத்துப் பார்க்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பெயர் காதில் விழுந்த பிறகுதான் கண்ணே அந்த நிறத்தைத் தேடுகிறது, எனக்கும் அப்படித்தான்.

ஒன்று மட்டும் அசையவில்லை. கூறைநாடு எங்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறது. கூறைப்புடவை கேட்டு வருகிற பெரியவர்கள் கட்டத்தையும் அரக்குச் சிவப்பையும்தான் கேட்கிறார்கள். 2026க்கு பான்டோன் சொன்னது கிளவுட் டான்சர், வெள்ளை. முகூர்த்தத்துக்கு வெறும் வெள்ளையை இங்கே யார் வீட்டில் எடுப்பார்கள்?

மன்னார்குடி, பெயின்ட் கடை:

சுவருக்கும் இதே கதைதான். பெயின்ட் கம்பெனிகளும் வருஷா வருஷம் ஒரு கலர் அறிவிக்கின்றன. ஷேட் கார்டில் தபால்தலை அளவு கட்டத்தைப் பார்த்துச் சாம்பல் கேட்பார்கள். மிஷினில் கலந்து கொடுத்துவிடுவோம். நான்கு சுவரும் அடித்த பிறகு, "கார்டில் இவ்வளவு அழுத்தமா இல்லையே" என்று வருவார்கள். இப்போதெல்லாம் சின்ன டப்பா கலந்து கொடுத்து, இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காலையிலும் விளக்கு வைத்த பிறகும் பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறேன். விற்பனை இரண்டு நாள் தள்ளிப்போகும், போகட்டும்.

திருபுவனம், பட்டு நெசவு வீடு:

அக்கா, அந்த எண் விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "13ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெள்ளி ஜரிகை போட்டிருப்பேனே" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

இப்போது சாயக்காரரும் நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு சாயத்திலும் ஒரு சாண் நூலை முடிச்சுப் போட்டு ஒட்டி, தேதி, எந்தத் தண்ணீர், எந்தக் கடைக்கு என்று எழுதுகிறோம். படம் அனுப்பினால் பாவு ஏற்றுவதில்லை, துணித்துண்டு அனுப்புங்கள் என்று கடைக்காரர்களிடம் சொல்லிவிட்டோம். ஒருவர் கோபித்துக்கொண்டார், மற்றவர்கள் அனுப்புகிறார்கள்.

திரும்பி வந்த நான்கில் ஒன்று போன மாதம் போனது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வைத்திருக்கும் ஓர் அம்மா நேராக வீட்டுக்கே வந்திருந்தார். பீரோவைத் திறந்ததும் மற்ற எதையும் பார்க்கவில்லை, அதைத்தான் எடுத்தார். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிரித்து, "இது என்ன கலர் தம்பி?" என்று கேட்டார். பீச் ஃபஸ் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பாதான் உள்ளேயிருந்து, "சந்தன ரோஸும்மா" என்றார்.