ஹாஸ்டல் வைஃபையில் லிச்செஸ் திறக்கவில்லை, ஜோன் மேட்ச்சுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது

சிப்பாய்64:
வணக்கம். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், கல்லூரி செஸ் டீமில் நான்காவது போர்டு. இந்த செமஸ்டர் தொடங்கியதிலிருந்து ஹாஸ்டல் வைஃபையில் லிச்செஸ், செஸ் டாட் காம் என்ற இரண்டு ஆன்லைன் செஸ் தளங்களுமே திறப்பதில்லை. குரோமில் சிவப்பு முக்கோணம் போட்டு, இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று வருகிறது. யூடியூப் நன்றாக ஓடுகிறது. டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) 1.1.1.1 என்று மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. மொபைல் டேட்டாவில் ஆடலாம் என்றால் என் அறையில் சிக்னல் ஒரே ஒரு கோடு. நேற்று ஜெயிக்க வேண்டிய ரூக் எண்ட்கேம், நெட் அறுந்து நேரம் தீர்ந்து தோற்றேன். என்ன செய்யலாம்?

வலைக்கம்பி:
அந்த எச்சரிக்கைப் பக்கத்தில் முகவரிக்குப் பக்கத்தில் தட்டி, சான்றிதழை (அது உண்மையான தளம்தான் என்று காட்டும் டிஜிட்டல் அத்தாட்சி) யார் வழங்கியது என்று பாருங்கள். ஃபயர்வாலின் (கல்லூரி நெட்டில் எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று வடிகட்டும் கருவி) பெயர் இருந்தால் தடுப்பது அதுதான். எச்டிடிபிஎஸ், அதாவது மறையாக்கிய இணைப்பு என்றாலும், இணைப்பு தொடங்கும்போது தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகத்தான் போகும். ஃபயர்வால் அதைப் படித்து, அந்தப் பெயர் 'கேம்ஸ்' பிரிவில் இருந்தால் இணைப்பை மறித்து, தன்னுடைய தடைப் பக்கத்தைத் தன் சான்றிதழோடு அனுப்பும். குரோம் அந்தச் சான்றிதழை நம்பாது, அதனால்தான் முக்கோணம். டிஎன்எஸ் மாற்றினால் இது மாறாது. செஸ்ஸைத் தடுக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்திருக்க மாட்டார்கள். ஒரு பிரிவுக்கு டிக் அடித்திருப்பார்கள், சுடுகிற கேமோடு சேர்ந்து செஸ்ஸும் மாட்டிக்கொண்டது.

இரவுப்பறவை:
விபிஎன் போடு ப்ரோ, தடையைச் சுத்திப் போயிடலாம், ரெண்டு நிமிஷ வேலை.

பழையமாணவன்:
தம்பி, அது மட்டும் வேண்டாம். நீங்கள் லாகின் செய்வது உங்கள் பதிவெண்ணில். விபிஎன் போட்டால் அது நெட்வொர்க் லாகில், அதாவது பயன்பாட்டுப் பதிவில் தெரியும். என் ரூம்மேட்டுக்கு அப்படித்தான் இரண்டு வாரம் நெட் கட், அதுவும் ப்ராஜெக்ட் ரிவ்யூ நேரத்தில்.
வார்டனிடம் போகாமல் பி.டி. சாரிடம் போங்கள். அவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தை நெட்வொர்க் அட்மின் தள்ளிவைக்க மாட்டார். மாமல்லபுரம் ஒலிம்பியாட், குகேஷ் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். அட்மினுக்கு வேண்டியது மூன்று: எந்தத் தளம், எந்த நேரம், யார் யார் பதிவெண். மாலை 6 முதல் 9 வரை என்று கேட்டால் மறுப்பது கஷ்டம். ஒரே ஒரு தளம் கேட்பதானால் லிச்செஸ் கேளுங்கள். லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துவது, விளம்பரமே கிடையாது, அதைச் சொன்னாலே பாதி வேலை முடியும்.
அதுவரை சும்மா இருக்காதீர்கள். லிச்செஸ் தன் பஸில்களை மொத்தமாக ஒரே கோப்பில் இலவசமாகத் தருகிறது. வெளியில் எங்காவது நல்ல நெட் கிடைக்கும்போது இறக்கிக்கொள்ளுங்கள். ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் ஆடும் மென்பொருளும் நெட் இல்லாமல் ஓடும்.

சிப்பாய்64:
அண்ணா, ரொம்ப நன்றி. பி.டி. சார் அன்றே கையெழுத்துப் போட்டார், ஐந்து பேர் பதிவெண்ணும் கொடுத்தோம். இன்று திறந்துவிட்டார்கள். ஆனால் வெள்ளைப் பக்கத்தில் நீல நிற லிங்க்குகள் மட்டும் வரிசையாக வருகின்றன. போர்டும் இல்லை, காய்களும் இல்லை. ஐந்து பேருக்கும் இதே நிலைதான்.

வலைக்கம்பி:
லிச்செஸ் டாட் ஆர்க் மட்டும் அனுமதித்திருப்பார்கள். போர்டு, காய், ஸ்கிரிப்ட் எல்லாம் லிச்செஸ்1 டாட் ஆர்க் என்ற தனி முகவரியிலிருந்து வருகிறது. அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம் லிச்செஸ் டாட் ஆர்க்கின் துணை முகவரிகள் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். காய் நகர்த்துவது வெப்சாக்கெட் என்ற, தொடர்ந்து திறந்தே இருக்கும் ஒரு இணைப்பு வழியாகப் போகிறது, அது தடைபட்டால் போர்டு வரும், ஆனால் ஆட்டம் 'மீண்டும் இணைக்கிறது' என்றே நிற்கும்.

சிப்பாய்64:
சேர்த்துவிட்டார்கள். போர்டு வந்துவிட்டது! செஸ் டாட் காம் இன்னும் தடையில்தான் இருக்கிறது, பரவாயில்லை. 6 மணிக்கு மெஸ் பக்கத்து ஹாலில் ஐந்து பேரும் லேப்டாப்போடு உட்கார்ந்து 15 நிமிட ஆட்டம் மூன்று ஆடினோம், ஒருமுறைகூட நெட் அறுந்துபோகவில்லை.