பெப்பர் சூப் என்றால் மிளகு ரசம் இல்லை

லண்டனுக்கு வந்து இரண்டு மூன்று மாதம் ஆனவர்கள் எல்லாரும் ஒரே புலம்பலைத்தான் புலம்புகிறார்கள். ஆபீசில் ஆளுக்கொரு சாண்ட்விச்சைக் கம்ப்யூட்டர் முன்னால் வைத்துக் கடித்து முடித்துவிடுகிறார்கள், வீட்டுக்கு வந்தால் தனியாகச் சாப்பாடு, கையால் பிசைந்து சாப்பிட்டால் ஃபிளாட்டில் கூட இருப்பவன் ஒரு மாதிரி பார்க்கிறான். ஈஸ்ட் ஹாமுக்கும் டூட்டிங்குக்கும் போய்த் தோசை சாப்பிடுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். போங்கள். கூடவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெக்கம் பக்கமும் போய்ப் பாருங்கள் என்பது என் யோசனை.

நைஜீரியக்காரர்கள் நிறைய இருப்பதால், அவர்கள் ஊரான லேகோஸ் நகரத்தின் பெயரை வைத்து பெக்கமுக்கு லிட்டில் லேகோஸ் என்று ஒரு பெயர் உண்டு. பாதாள ரயில் அங்கே போகாது. லண்டன் பிரிட்ஜிலிருந்து ரயில் பிடித்து பெக்கம் ரையில் இறங்கினால் வாசலிலேயே ரை லேன். சர்ச் முடிந்து, தலையில் விறைப்பான கெலே துணி கட்டிய அம்மாக்கள் குடும்பத்தோடு வரும் நேரம் அது. நான் முதலில் போன நைஜீரியச் சாப்பாட்டுக் கடையில் தனித்தனி மேசையே இல்லை. இரண்டு நீள மேசை, இருபக்கமும் பெஞ்சு. நம்ம ஊர் பந்தியில் எதிரெதிராக உட்கார்த்தி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. "இங்கே யாராவது வருகிறார்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும். பக்கத்தில் பெரியவர்கள் இருந்தால் முதலில் நீங்கள் வணக்கம் சொல்லுங்கள். ஆன்ட்டி, அங்கிள் என்று கூப்பிடலாம், அவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

மெனுவில் பெப்பர் சூப் என்று பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். சளி வேறு பிடித்திருந்தது. மிளகு ரசம் மாதிரி ஏதோ வரப்போகிறது என்று ஒன்று சொன்னேன். வந்தது ஆட்டுக்குடல் மிதக்கும் ஒரு கிண்ணம். நைஜீரியர்கள் பேசும் ஆங்கிலத்தில் பெப்பர் என்றால் பெரும்பாலும் மிளகாய். அதுவும் ஸ்காட்ச் பானட் என்கிற குண்டு குண்டான மிளகாய், அவர்கள் பாஷையில் அட்டா ரோடோ. காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் ஒரு லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம் வரை போகும். "நாங்க பார்க்காத காரமா" என்று வீரம் பேசாதீர்கள். நான் பேசினேன். இரண்டாவது ஸ்பூனில் காதுக்குள் விசில் கேட்டது. சளி போனது என்பது வேறு விஷயம்.

இன்னொரு குழப்பம் சூப் என்கிற சொல். எகுசி சூப், ஓக்ரா சூப் எல்லாம் குடிக்கிற சூப் இல்லை, குழம்பு. அதைத் தொட்டு விழுங்க ஒரு உருண்டை வரும், அந்த வகைக்கே பொதுவாக ஸ்வாலோ என்று பெயர். வேகவைத்து இடித்த பெருவள்ளி வகைக் கிழங்கில் செய்தால் பவுண்டட் யாம், மரவள்ளியை அரைத்துப் புளிக்க வைத்து வறுத்த கர்ரி என்கிற ரவையில் செய்தால் எபா, காய்ந்த கிழங்கு மாவில் செய்தால் அமலா. எகுசி என்பது ஒரு வகை முலாம்பழ விதை. பூசணி விதை மாதிரி இருக்கும். அதை அரைத்துக் கீரையும் சிவப்புப் பாமாயிலும் சேர்த்து வைத்தால், தேங்காய் அரைத்துவிட்ட கூட்டுக்குக் கொஞ்சம் தூரத்துச் சொந்தம்.

நான் தர்மபுரிக்காரன். அமலாவைப் பார்த்ததும் பாட்டி கிண்டும் கேழ்வரகுக் களிதான் ஞாபகம் வந்தது, நிறம் கூட அதேதான். ஆனாலும் கூச்சத்தில் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன். எதிரே இருந்த ஆன்ட்டி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம், "தம்பி, அது சூயிங் கம் இல்லை" என்கிற தொனியில் ஏதோ சொல்லிவிட்டு, தன் தட்டிலிருந்து சின்னதாகக் கிள்ளி, கட்டைவிரலால் நடுவில் குழி செய்து, குழம்பை அள்ளி ஒரே விழுங்காக விழுங்கிக் காட்டினார். களியை மெல்லாதே என்று பாட்டி திட்டியதை எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து மறுபடி வாங்கிக்கொண்டேன்.

கை கழுவ மேசைக்கே கிண்ணத்தில் தண்ணீர் வரும். குடித்துவிடாதீர்கள். வலது கை மட்டும்தான், இடது கையால் எதையும் நீட்டுவது அங்கேயும் மரியாதை இல்லை. யாராவது தட்டைக் காட்டி "வாங்க, சாப்பிடுங்க" என்றால் அது உபசாரம். நம்ம வீட்டுத் திண்ணையில் எப்படி பதில் சொல்வோமோ அப்படி, நீங்க சாப்பிடுங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போதும்.

இனி முக்கியமான விஷயம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கேட்காமல் எதையும் ஆர்டர் சொல்லாதீர்கள். சூயா என்பது மசாலா தடவிக் குச்சியில் குத்திச் சுட்ட கறி, வழக்கமாக மாட்டிறைச்சிதான். அசார்ட்டட் மீட் என்றிருந்தால் மாட்டுக் குடல், தோல் எல்லாம் இருக்கும். தோலுக்கு போன்மோ என்று பெயர். சூயா மசாலாவில் வேர்க்கடலையும் உண்டு, அலர்ஜி உள்ளவர்கள் ஆர்டர் எடுக்கிறவரிடம் சொல்லிவிடுங்கள். சைவக்காரர்கள் பாடு இன்னும் கஷ்டம். கீரைக் குழம்பில் கறி இல்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் க்ரேஃபிஷ் பொடி இருக்கும். நம்ம சென்னாகூனி மாதிரி காய்ந்த குட்டி இறால். அவர்களுக்கு அது உப்பு மாதிரி, சொல்ல வேண்டும் என்றே தோன்றாது. அதனால் "கறி இருக்கிறதா" என்று கேட்காமல், "க்ரேஃபிஷ், மீன், சிக்கன் ஸ்டாக் ஏதாவது போட்டிருக்கிறதா" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஜாலோஃப் என்கிற தக்காளிச் சோற்றைக் கூட ஸ்டாக் ஊற்றி வேகவைப்பது சகஜம். பயமில்லாமல் தொடங்க ஒன்று வேண்டுமானால் டோடோ, அதாவது பழுத்த வாழைக்காய் வறுவல். அடுத்து அக்காரா, காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்துச் சுட்ட வடை. வடை என்றே சொல்கிறேன், சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள். அதே மாவை வேகவைத்தால் மொய்மொய், அதில் முட்டையோ மீனோ ஒளிந்திருக்கலாம்.

கானாக்காரர்களின் ஜாலோஃப் நன்றாக இருக்கும் என்று அந்த மேசையில் உட்கார்ந்துகொண்டு பேச வேண்டாம். ஆம்பூர்க்காரரிடம் திண்டுக்கல் பிரியாணியைப் புகழ்வது போல.

அளவு அதிகம், மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் என்று போட்டு பக்கத்தில் விருப்பம் என்று இருந்தால் அது நிஜமாகவே உங்கள் விருப்பம். பந்தி மாதிரி மேசை என்பதால் தனி பில் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் ஒருமுறை ஒரு ஞானஸ்நான விருந்துக் கூட்டத்தோடு சேர்க்கப்பட்டேன். பணம் வாங்க மறுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் ஒரு டப்பா மைசூர்பாகோடு போனேன், அந்தக் குடும்பம் இல்லை, கல்லாவில் இருந்த அம்மாவே முழுசையும் வாங்கி வைத்துக்கொண்டார்.