அமெரிக்க ரசிகர்களுக்குப் பாசம் குறைவா, உரிமை குறைவா?

எல்லண்ட் ரோடு:
லீட்ஸ் யுனைடெட் ஆட்டம் முடிந்து ரயிலில் திரும்பும்போது எங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "அமெரிக்காக்காரன் ரசிகன் இல்லை, வாடிக்கையாளன்." நானும் பல வருடம் தலையாட்டியவன்தான். போன இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டம் பார்த்துவிட்டு வந்தேன். இனி தலையாட்ட மாட்டேன்.

ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். லாம்போ ஃபீல்ட் மைதானத்தில் 81,000 பேர் உட்காரலாம். அணிக்கு முதலாளி கிடையாது. 1923-லிருந்து பங்குதாரர்களின் சொத்து. இன்று அவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். அந்தப் பங்குக்கு லாபம் வராது, விற்றுக் காசாக்கவும் முடியாது. வாங்கிச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள், அவ்வளவுதான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அந்த இருக்கை அப்பாவிடமிருந்து வந்ததாம். சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், பிள்ளை பிறந்ததும் பெயர் கொடுத்துவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களின் கோடைக்கால வழக்கம். பயிற்சி நாட்களில் ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளோடு வந்து நிற்பார்கள். வீரர்கள் அந்தச் சின்னச் சைக்கிளை வாங்கி ஓட்டிக்கொண்டு பயிற்சி மைதானத்துக்குப் போவார்கள், பிள்ளை ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே ஓடும். பிரீமியர் லீக்கில் இன்று எந்தப் பையனால் ஒரு வீரரின் அருகில் அப்படிப் போக முடியும்?

வடலண்டன்காரன்:
சைக்கிள் கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் போய்ப் பார்த்தது 32 அணிகளில் ஒரே ஒரு விதிவிலக்கு. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். விதிப்படி இன்னொரு அணி அப்படி ஊர்ச் சொத்தாக ஆகவே முடியாது. பேக்கர்ஸ் பழைய அணி என்பதால் விட்டு வைத்திருக்கிறார்கள்.

மீதி 31-ஐப் பாருங்கள். ரைடர்ஸ் 1982-ல் ஓக்லண்டிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ், 1995-ல் மறுபடி ஓக்லண்ட், 2020-ல் லாஸ் வேகாஸ். சார்ஜர்ஸ் 2017-ல் சான் டியேகோவை விட்டார்கள். ராம்ஸ் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. நான் ஆர்சனல் ரசிகன். எங்கள் முதலாளி ஸ்டான் குரோங்கேதான் 2016-ல் ராம்ஸை செயின்ட் லூயிஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டு போனவர். மிசூரி மாநிலத்தில் பிறந்தவர், செயின்ட் லூயிஸ் பேஸ்பால் வீரர்களின் பெயரைத்தான் பெற்றோர் அவருக்கு வைத்தார்கள். அப்படிப்பட்டவரே அந்த ஊரை விட்டு அணியை எடுத்துப் போனார். நகரம் வழக்குப் போட்டது. 2021-ல் 79 கோடி டாலர் கொடுத்து முடித்தார்கள். பணம் உள்ளூர் நிர்வாகங்களுக்குப் போனது. 20 வருடம் அந்த மைதானத்தில் உட்கார்ந்த ரசிகனுக்கு என்ன கிடைத்தது?

அதே 2021 ஏப்ரலில் இங்கே சூப்பர் லீக் என்று ஐரோப்பியப் பெரிய கிளப்புகளுக்கான தனிப் போட்டியை அறிவித்தார்கள், ஆறு ஆங்கிலக் கிளப்புகளும் சேர்ந்து. செல்சி ரசிகர்கள் தங்கள் மைதானமான ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் வாசலை அடைத்தார்கள். இரண்டே நாளில் ஆறும் விலகின. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் எமிரேட்ஸ் மைதான வாசலில் நானும் நின்றேன். ஆர்சனலுக்கும் ராம்ஸுக்கும் முதலாளி ஒருவர்தான். இங்கே அவரால் முடியவில்லை, அங்கே முடிந்தது. வித்தியாசம் ரசிகர்களிடம்தானே இருக்கிறது?

இன்னொன்றும் சொல்கிறேன். அங்கே வெளியூர் ரசிகர்களுக்கென்று தனிப் பகுதி இல்லை. பாட்டு இல்லை. திரையில் 'சத்தம் போடுங்கள்' என்று எழுதிக் காட்டினால் போடுகிறார்கள்.

பஃபலோ பித்தன்:
1982-ல் சேனல் ஃபோர் அமெரிக்கக் கால்பந்தைக் காட்ட ஆரம்பித்த காலத்திலிருந்து பார்ப்பவன் நான். பிறந்து வளர்ந்த கிளப் சார்ல்டன் அத்லெடிக், மனம் கொடுத்த அணி பஃபலோ பில்ஸ். சத்தம் பற்றிச் சொன்னதற்கு மட்டும் முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது தவறு.

அங்கே சத்தம் ஆட்டத்தின் ஒரு பகுதி. எதிரணி பந்தை வைத்திருக்கும்போது அதன் குவாட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்துபவர், தன் ஆட்களுக்குக் குரலால் சைகை கொடுப்பார். அது கேட்காதபடி கத்துவது ரசிகனின் வேலை. கேட்காமல் ஒருவன் முன்கூட்டியே அசைந்துவிட்டால் ஐந்து கஜம் தண்டனை. அந்த ஐந்து கஜத்தை மைதானத்தில் உட்கார்ந்திருப்பவன் சம்பாதித்துக் கொடுக்கிறான். தன் அணி கையில் பந்து வந்ததும் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். 2014-ல் கன்சாஸ் சிட்டியில் 142.2 டெசிபல் அளந்தார்கள். 2011 ஜனவரியில் சியாட்டிலில் மார்ஷான் லிஞ்ச் ஓடிய ஒரு டச்டவுனுக்குக் கூட்டம் குதித்ததில் பக்கத்திலிருந்த நிலநடுக்கக் கருவியில் அதிர்வு பதிவானது. நாம் பாடுகிறோம், உண்மை. ஆனால் நம் பாட்டால் எதிரணிக்கு எதிராக ஒரு ஃப்ரீ கிக் கிடைப்பதில்லை.

வெளியூர் ரசிகர்கள் விஷயத்துக்கு வருவோம். பஃபலோவிலிருந்து மயாமிக்கு நேர்கோட்டில் 1,900 கிலோமீட்டர். லண்டனிலிருந்து ரோம் அதைவிடப் பக்கம். இரண்டும் ஒரே பிரிவில் ஆடும் அணிகள், வருடா வருடம் மோதுபவை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 3,000 பேர் போய் வர அது பர்மிங்ஹாமா?

அப்புறம் பில்ஸ் ரசிகர்கள். 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு சூப்பர் பவுல் இறுதி ஆட்டங்களில் தோற்ற அணி. 1999 சீசனுக்குப் பிறகு 17 வருடம் பிளே ஆஃப் பக்கமே போகவில்லை. 2017 சீசனின் கடைசி நாளில் சின்சினாட்டியின் ஆண்டி டால்டன் வீசிய ஒரு பந்தால் பால்டிமோர் தோற்று, எங்களுக்கு இடம் கிடைத்தது. பஃபலோக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? டால்டன் நடத்தும் அறக்கட்டளைக்கு 17 டாலர், 17 டாலராக அனுப்பினார்கள். மூன்று லட்சம் டாலர் தாண்டியது. வேறு ஊர் அணியின் ஆட்டக்காரருக்கு! 2020-ல் எங்கள் குவாட்டர்பேக் ஜாஷ் ஆலனின் பாட்டி இறந்தபோது குழந்தைகள் மருத்துவமனைக்கு அதே 17 டாலர், அவருடைய சட்டை எண். பத்து லட்சத்தைத் தாண்டியது. வாடிக்கையாளன் இப்படிச் செய்வானா?

மிட்சம் வாசி:
வடலண்டன் தம்பி, "இங்கே நடக்காது" என்று நீங்கள் சொல்லும்போது நான் யார் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நான் விம்பிள்டன் கிளப் ரசிகன். 1988-ல் லிவர்பூலை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பை எடுத்தோம், அன்று வெம்ப்ளியில் இருந்தேன். 2002 மே மாதம் ஆங்கிலக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. அமைத்த மூன்று பேர் குழு, கிளப்பை 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்கு எடுத்துப் போகலாம் என்று தீர்ப்புச் சொன்னது. ரசிகர்கள் புதுக் கிளப் ஆரம்பிப்பது கால்பந்தின் நலனுக்கு ஏற்றதல்ல என்றும் அந்த அறிக்கை சொன்னது. நாங்கள் ஊர்வலம் போனோம், மைதானத்தைப் புறக்கணித்தோம். நிற்கவில்லை. முதலாளி எடுத்துப் போனார்.

பெயர் விஷயத்தில் அமெரிக்கா எங்களைவிட நன்றாக நடந்துகொண்டது என்று வருத்தத்தோடு சொல்கிறேன். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியை 1996-ல் அதன் முதலாளி ஆர்ட் மோடல் பால்டிமோருக்குக் கொண்டு போனார். நகரமும் ரசிகர்களும் விடாமல் சண்டை போட்டதில் பெயர், நிறம், வரலாறு மூன்றும் கிளீவ்லாந்திலேயே நின்றன. போனவர்கள் ரேவன்ஸ் என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 1999-ல் பிரவுன்ஸ் மறுபடி பிறந்தது. எங்கள் கோப்பையின் வரலாறு எங்கள் ஊருக்குத் திரும்ப 2007 ஆனது.

இன்னொன்று. ஆர்சனல் 1913-ல் பிளம்ஸ்டெட்டிலிருந்து ஹைபரிக்கு வந்த கிளப். தேம்ஸ் நதிக்குத் தெற்கே இருந்த அந்த ரசிகர்களை யார் கேட்டார்கள்?

வடலண்டன்காரன்:
அண்ணா, 1913 பற்றி நீங்கள் சொன்னது நியாயம். வாங்கிக்கொள்கிறேன். விம்பிள்டனையும் நான் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

ஆனால் உங்கள் கதையே என் வாதத்துக்குச் சாட்சி. தீர்ப்பு வந்த அடுத்த மாதமே விம்பிள்டன் காமனில் ஆள் எடுக்கத் தேர்வு வைத்தீர்கள், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று. லீக் வரிசையின் ஒன்பதாம் படியில் ஆரம்பித்து 2011-ல் ஃபுட்பால் லீக்குக்குள் நுழைந்தீர்கள். 2020-ல் உங்கள் பழைய இடமான பிளவ் லேனுக்கே திரும்பினீர்கள். கிளப் இன்று ரசிகர்கள் கையில். இதைச் செயின்ட் லூயிஸ்காரன் செய்ய முடியுமா? பூங்காவில் ஆள் சேர்த்து, ஒன்பது வருடம் ஏறி, என்.எஃப்.எல்.-க்குள் வர முடியுமா? படிக்கட்டே இல்லை. 32 பேர் உள்ளே உட்கார்ந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிளீவ்லாந்துக்கு அணி திரும்பியதும் உள்ளே இருந்த முதலாளிகள் மனது வைத்ததால்தான்.

பாசம் இல்லை என்று நான் சொன்னது தவறு, பஃபலோ நண்பர் சொன்னதைப் படித்ததும் புரிந்தது. பாசத்தை வைத்து எதையும் தடுக்க அவர்களிடம் பிடிமானம் இல்லை, அதுதான் நான் சொல்ல வந்தது.

எல்லண்ட் ரோடு:
படிக்கட்டைப் பற்றிப் பேசும்போது அதில் உருண்டவர்களையும் கேளுங்கள். லீட்ஸ் 2004-ல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது, 2007-ல் மூன்றாம் பிரிவுக்கே போனது. பிரீமியர் லீக்குக்குத் திரும்ப 16 வருடம். அந்த வருடங்களில் கிளப்பில் வேலை போனவர்கள் ஆட்டக்காரர்கள் மட்டும் இல்லை. பெரி கிளப் 2019-ல் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது, 125 வருடம் அதில் ஆடியவர்கள். டெட்ராய்ட் லயன்ஸ் 2008-ல் 16 ஆட்டத்தில் 16-ம் தோற்றார்கள். இங்கே என்றால் இறங்கி, விற்று, கடனாகி, கதை முடிந்திருக்கும். அங்கே டிராஃப்டில், அதாவது புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் தேர்வு கிடைத்தது. உடனே சரியாகவில்லை, ஆனாலும் 2024 ஜனவரியில், 32 வருடத்துக்குப் பிறகு, ஒரு பிளே ஆஃப் ஆட்டம் வென்றார்கள். ஃபோர்டு ஃபீல்டில் பெரிய ஆண்கள் அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்து நானும் அழுதேன்.

கிரீன் பே போன்ற சின்ன ஊர் பிழைத்திருப்பதே 1960-களின் தொடக்கத்திலிருந்து தொலைக்காட்சிப் பணத்தைச் சரிசமமாகப் பிரிப்பதால்தான். 1994 முதல் சம்பளத்துக்கு உச்சவரம்பு. இங்கே 1992 முதல் 7 கிளப்தான் பிரீமியர் லீக் வென்றிருக்கிறது. ஆகஸ்டில் நம்பிக்கையோடு சீசனை ஆரம்பிக்க ஒரு ரசிகனுக்கு உரிமை இல்லையா?

வடலண்டன்காரன்:
உச்சவரம்பு இருந்தும் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் ஆறு முறை வென்றார்களே. இங்கே லெஸ்டர் 2016-ல் வென்றதும், லூட்டன் லீக்குக்கு வெளியே இருந்து 2023-ல் பிரீமியர் லீக் வரை வந்ததும் கதவு திறந்திருந்ததால்தான். ஆனால் பணத்தைப் பிரிக்கும் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதை இங்கே கொண்டு வந்தால் முதல் ஆளாகக் கை தட்டுவேன்.

கேட்ஃபோர்டு பெண்:
விலையைப் பற்றி யாரும் பேசவில்லையே. இங்கே 2016-ல் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 77 பவுண்டு டிக்கெட் என்றதும், 77-வது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியே போனார்கள். முதலாளிகள் விலையைத் திரும்பப் பெற்றார்கள். வெளியூர் ரசிகர்களுக்கு 30 பவுண்டு வரம்பும் அந்த வருடம்தான் வந்தது. அங்கே சீசன் டிக்கெட் வாங்கும் உரிமைக்கே தனியாகப் பணம் கேட்கிறார்களே, அதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள்? நான் வேண்டுமென்றே கேட்கவில்லை, உண்மையாகவே புரியவில்லை.

பஃபலோ பித்தன்:
பஃபலோவிலேயே புது மைதானத்துக்கு அதைத்தான் கேட்டார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. 30 வருடம் பனியில் நின்ற குடும்பங்கள் அந்தப் பணம் கட்ட முடியாமல் இருக்கையை விட்டுவிட்டன. ஏன் எழுந்து போகவில்லை என்றால், எழுந்து போனால் அணி வேறு ஊருக்குப் போய்விடும் என்ற பயம். பால்டிமோர், ஓக்லண்ட், செயின்ட் லூயிஸ் எல்லாம் அவர்கள் கண் முன்னால் நடந்தவை. அந்தப் பயம் இல்லாத ஊரில் இருந்துகொண்டு அவர்களின் பொறுமையைக் குறை சொல்வது எளிது.

வெம்ப்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2007-லிருந்து லண்டனில் நடக்கும் என்.எஃப்.எல். ஆட்டங்களுக்கு 32 அணிகளின் சட்டையும் வரும். ஜெட்ஸ் சட்டையும் டால்ஃபின்ஸ் சட்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும், கையில் பியர். அதே வெம்ப்ளியில் நம் கால்பந்து என்றால் இருக்கையில் பியர் கூடாது, 1985 சட்டம். ஒரே ஊர், ஒரே மக்கள், இரண்டு விதமாக நடத்துகிறார்கள். எனக்கு அது வலிக்கிறது.

வடலண்டன்காரன்:
32 சட்டையும் வருகிறது என்றால் அது திருவிழா. போட்டியின் கூர்மை அதில் கிடையாது. சட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், நம்மை இன்னும் 1985-ன் கண்ணால்தான் பார்க்கிறார்கள்.

மிட்சம் வாசி:
பயம் என்று பஃபலோக்காரர் சொன்னாரே, அதற்கு ஒரு கதை உண்டு. 1984 மார்ச்சில் ஒரே இரவில், சாமான் ஏற்றும் லாரிகளில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணி இண்டியானாபொலிஸுக்குப் போனது. அணிக்கு ஒரு இசைக்குழு இருந்தது, ரசிகர்களே வாசிப்பது. அவர்களின் சீருடை அன்று சலவைக்குப் போயிருந்ததால் தப்பித்தது. அணி இல்லாமலே 12 வருடம் வாசித்தார்கள். ஊர்வலங்களில், வேறு ஊர் மைதானங்களில், தங்களுக்கென்று ஓர் ஆட்டமும் இல்லாமல். நாங்களாவது ஆட ஒரு அணியை உண்டாக்கிக்கொண்டோம். அவர்களுக்கு அந்த வழியும் இல்லை, வாசிப்பதை மட்டும் விடவில்லை.

வடலண்டன்காரன்:
படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை, அண்ணா. ஆனால் 12 வருடம் கழித்து அவர்களுக்குக் கிடைத்தது எந்த அணி? கிளீவ்லாந்திலிருந்து பிடுங்கியது.

எல்லண்ட் ரோடு:
ஆமாம். கிளீவ்லாந்தில் அந்தக் கடைசி ஆட்டம் 1995 டிசம்பர் 17. பிரவுன்ஸ் 26-10 என்று வென்றது. ரசிகர்கள் மரப் பெஞ்சுகளைப் பெயர்த்து வரிசை வரிசையாக மைதானத்தில் எறிந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் வீரர்களில் பலர் உடைமாற்றும் அறைக்குப் போகவில்லை. கோல் கோட்டுக்குப் பின்னால் மலிவான இருக்கைகள் இருந்த பக்கம் ஓடிப் போய், தடுப்பில் ஏறி, அங்கிருந்தவர்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.