மார்கழிக் கரையில் கேமரா: திசை, உப்பு, வாடைக்காற்று

மார்கழி, தையில் கிழக்குக் கரைக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் கோட்டைவிடுவது திசையை. சூரியன் கிழக்கில்தானே உதிக்கும் என்று கடலுக்கு நேராக டிரைபாடை நட்டுவிடுகிறார்கள். சென்னைப் பக்கம் டிசம்பர் 21ஐ ஒட்டி அது நேர்க்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி தெற்கே ஒதுங்கி எழும். ஜூனில் அதே அளவு வடக்கே.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் இந்த வித்தியாசம் கண்ணில் அறையும். கோயிலுக்கு வடக்கே உள்ள மணலில் நின்று கோபுரத்தைப் பார்த்தால், கோடையில் சூரியன் இடது தோளுக்குப் பின்னால் போய்விடும். இரண்டையும் ஒரே படத்தில் அடக்க முடியாது. டிசம்பரில் சூரியன் கோயில் பக்கமாக நகர்ந்து வருவதால், 24 மி.மீ. லென்ஸில் கோபுரம் வலது ஓரம், சூரியன் இடது ஓரம் என்று வைத்துவிடலாம். கல்லின் கடல் பக்க விளிம்பில் மட்டும் செம்மை ஏறும், மற்றதெல்லாம் இருட்டு. செதுக்கு வேலை தெரிய வேண்டுமானால் வளாகத்துக்குள் போய்த் தெற்குப் பக்கம் நில்லுங்கள். இந்த மாதங்களில் அந்த முகத்துக்கும் காலை வெயில் கிடைக்கும். உள்ளே டிரைபாடுக்குத் தொல்லியல் துறை அனுமதி தேவை, கையில் பிடித்து எடுக்கத் தடையில்லை.

உதயம் டிசம்பர் மூன்றாம் வாரம் 6.25ஐ ஒட்டி, ஜனவரி மூன்றாம் வாரம் 6.35ஐ ஒட்டி. நிறம் உச்சத்தில் இருப்பது அதற்கு 20 நிமிடம் முன்பு. அடிவானத்தில் மேகத்திட்டு கிடந்தால் சூரியன் ஐந்து, பத்து நிமிடம் தாமதமாகத்தான் தலைகாட்டும்; பையைக் கட்டிவிடாதீர்கள்.

* * *

டிரைபாடைப் பற்றி ஒன்று. ஈரமணலில் சும்மா நிறுத்தினால், திரும்பிப் போகிற அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். திரையில் எல்லாம் நேராக இருக்கும். அரை நொடி எக்ஸ்போஷருக்குள் ஒரு கால் மட்டும் நூல் அளவு இறங்கும். வீட்டில் கம்ப்யூட்டரில் பார்க்கும்போது அலை அழகாக இழைந்திருக்கும், பாறை இரட்டையாகத் தெரியும். கால்களை அகல விரித்து, ஒரு சாண் ஆழம் அழுத்தி, ஓர் அலை வந்து போகவிட்டு, மறுபடி அழுத்திய பிறகு எடுங்கள்.

கால்களை நீட்டும்போது மெல்லிய கீழ்ப்பகுதியை முதலில் இழுங்கள். அப்போதுதான் திருகு மூட்டு தண்ணீருக்கு மேலே நிற்கும். மூட்டுக்குள் மணல் புகுந்தால் திருகும்போதே கறகற என்று சத்தம் வரும். வீட்டுக்கு வந்ததும் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

அலை கோடு கோடாக வழிய வேண்டுமானால் 1/4 முதல் 1/2 நொடி, அதுவும் அலை பின்வாங்கும்போது. வெளிச்சம் ஏறிவிட்டால் லென்ஸ் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் உதவும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்; 6 ஸ்டாப் ஃபில்டர் 1/60 நொடியை 1 நொடியாக்கும். அது இல்லாமல் லென்ஸ் துளையை எஃப்/22 வரை சுருக்கி ஒப்பேற்றுவது வேண்டாம், கூர்மை போய்விடும்.

* * *

ஏசி அறையிலிருந்து நேராகக் கரைக்கு வருகிறவர்களுக்கு: அறை 18 டிகிரி, வெளியே மார்கழிக் காலையில் 21, 22 டிகிரி, காற்று முழுக்க ஈரம். குளிர்ந்த கண்ணாடியில் அந்த ஈரம் அப்படியே படியும். துடைத்தால் மறுபடி படியும். லென்ஸ் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்தால்தான் தெளியும். கேமராவை ஜிப் கவரில் மூடி அரைமணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள். ஈரம் கவரின் வெளிப்பக்கம் படியும், கேமரா தப்பிக்கும்.

வாடைக்காற்று கடலிலிருந்து உப்புச் சாரலை நேராக லென்ஸ் மேல் அடிக்கும். சட்டை நுனியால் நனைக்காமல் அப்படியே துடைப்பதுதான் பெரிய தப்பு. உப்பும் மணலும் சேர்ந்து கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, கடைசியில் உலர்ந்த துணி. துணி இரண்டு எடுத்துப் போங்கள். செல்போனில் எடுப்பவர்களுக்கு ஈரவிரல் திரையில் வேலை செய்யாது. வால்யூம் பட்டனை ஷட்டராக வைத்துக்கொள்ளலாம்.

* * *

சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே போய்விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும். முதல் தடவையென்றால் வேறு நாள் மேல். ஏலத்தளத்தில் தரை முழுக்க ஐஸ் கரைந்த தண்ணீர், செதில், டீசல். பிடிப்புள்ள ரப்பர் செருப்பு போதும், ஷூ நாசமாகிவிடும். கூடை தூக்கி வருகிறவர் வழிவிடச் சொல்லி இரண்டாம் முறை குரல் கொடுக்கமாட்டார், இடித்துக்கொண்டே போவார். தப்பு நம்முடையது. படகைக் கட்டியிருக்கும் வடத்தைத் தாண்டாதீர்கள். படகு அசைந்தால் தளர்ந்து கிடந்த வடம் சட்டென்று விறைக்கும்.

விளக்கொளியில் ஐஎஸ்ஓ 3200, 1/125, எஃப்/2.8 என்று ஆரம்பிக்கலாம். வஞ்சிரமும் வாளையும் கண்ணாடி மாதிரி பளபளக்கும், 2/3 ஸ்டாப் குறைத்தால்தான் தோலின் நுணுக்கம் தெரியும். முகத்தை எடுப்பதானால் “அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு. காசு கைமாறும்போது கேட்காதீர்கள், விடை நன்றாக இருக்காது. பக்கத்தில் இருக்கும் சென்னைத் துறைமுகம் பாதுகாப்பு வளாகம், அந்தப் பக்கம் லென்ஸைத் திருப்ப வேண்டாம்.

புயல் கூண்டு ஏறிய நாளில் ஏலம் இருக்காது என்று திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அன்றுதான் மீன்பிடித் துறைமுகத்துக்குள் படம். கடலுக்குப் போகாத விசைப்படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். ஆனால் அலையைத் தடுக்கக் கடலுக்குள் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கற்கள் மேல் ஏறாதீர்கள். பாசி வழுக்கும், வானம் வெளுத்திருந்தாலும் தூரத்துப் புயலின் அலை வந்து அடிக்கும்.

* * *

ஜனவரி முதல் பங்குனி ஆமை முட்டையிட வரும் காலம். இரவில் நடப்பவர்கள் ஃபிளாஷும் வெள்ளை டார்ச்சும் அடிக்கக் கூடாது. ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.

போகி அன்று காலை சென்னைக் கரைக்குப் போக வேண்டாம். ஊரே புகை, அடிவானம் தெரியாது. தூங்குங்கள்.