புதுப்பிப்பு: பைப்பில் (புகைக்குழாயில்) பிடிக்கும் வாசனைப் புகையிலை, எதில் தொடங்கினேன்

பழைய இங்கிலாந்து பாணி வாசனைப் புகையிலையில் எதை முதலில் வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். பெரும்பாலானோர் வடமேற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கத்து கென்டல் ஊர்ச் சரக்கைத்தான் கைகாட்டினீர்கள். அங்கிருந்தே எடுத்தேன்.

முதலில் எனர்டேல் ஃப்ளேக் (ஃப்ளேக் என்றால் இலையை அழுத்தி மெல்லிய துண்டுகளாக வெட்டியது). டப்பாவைத் திறந்ததும் பூவாசம், பாதாம், கொஞ்சம் பழம். பாட்டி வீட்டு பவுடர் டப்பா மாதிரி. வீட்டில் முகம் சுளித்தார்கள், எனக்குப் பிடித்துவிட்டது! வாசனைக்கு அடியில் புகையிலையின் சுவை அப்படியே நிற்கிறது. சர்க்கரைப் பாகு ஊற்றியதுபோல் இனிக்கும் டேனிஷ் வகைகளில் இது கிடைப்பதில்லை.

அடுத்தது சாமுவேல் கேவித் நிறுவனத்தின் ‘1792 ஃப்ளேக்’. வெனிலா போல மணக்கும் டோங்கா விதை வாசம், கறுத்த இலை, நிக்கோட்டின் பலமாக இருக்கும். வெறும் வயிற்றில் தொடவே வேண்டாம், தலை சுற்றும்.

இரண்டுமே ஈரமாக வருகின்றன. உதிர்த்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டால்தான் அணையாமல் எரியும். இந்த வாசம் பிரையர் மரப் பைப்பில் ஏறினால் லேசில் போகாது என்று எச்சரித்தவருக்கு நன்றி. இதற்கென்றே மலிவான சோளக்கதிர் பைப் ஒன்றை ஒதுக்கிவிட்டேன்.

கிராஸ்மியர் ஃப்ளேக் இன்னும் கைக்கு வரவில்லை. காண்டோர், செயின்ட் புரூனோ என்ற பிரிட்டிஷ் பைப் புகையிலைகள் இரண்டில் எது வாசம் குறைவு?